வெள்ளைப்பூ சென்ட்டில் பாச்சை உருண்டை வாசனை எங்கிருந்து வந்தது?

நீங்கள் எழுதிக் கேட்டது இது: நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சென்ட். அட்டையில் ‘வொயிட் ஃப்ளோரல்’ என்று போட்டிருக்கிறது. அடித்தவுடன் அயோடெக்ஸும் பாச்சை உருண்டையும் கலந்த மாதிரி ஒரு நெடி. மாமியார் “என்னம்மா இது, சாவு வீட்டு மாலை மாதிரி இருக்கே” என்று எழுந்து போய்விட்டார். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து நீங்களே உங்கள் மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப மோந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இது டூப்ளிகேட்டா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எழுதிய கேள்வி அது. கேட்க நினைத்தது வேறு என்று எனக்குப் படுகிறது: பூ வாசனை என்று சொல்லி விற்பதில் இந்த நெடிக்கு என்ன வேலை, நெடி இருந்தும் கை ஏன் மூக்குக்கே போகிறது?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. வேதியியல் படித்துவிட்டு, சத்தியமங்கலம் பக்கம் பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிற ஆலை ஒன்றில் 17 வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மல்லி, ஜாதிமல்லி, சம்பங்கி மூன்றும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எங்கள் கையில் அது சில கிலோ மெழுகாகி வெளிநாட்டுக்குப் போகும். அங்கே அதோடு எதை எதைக் கலக்கிறார்கள் என்பது அவர்களுடைய தொழில் ரகசியம். ஆகவே உங்கள் பாட்டிலின் ஃபார்முலாவைச் சொல்ல என்னால் ஆகாது. பூவின் பக்கத்தில் நின்று பேசுகிறேன்.

இதழின் நிறத்தை வைத்து வந்த பெயர்தான் என்றாலும், வெள்ளையாக இருப்பதெல்லாம் வொயிட் ஃப்ளோரலில் சேராது. தும்பையும் வெள்ளைதான், எந்த சென்ட்காரரும் அதைச் சீந்துவதில்லை. மல்லி, ஜாதிமல்லி, சம்பங்கி, கார்டீனியா, ஆரஞ்சு மரத்தின் பூ, இவைதான் அந்தக் கூட்டத்தின் பெரிய தலைகள். இவற்றில் பலவும் பொழுது சாய்ந்தபின் உரக்க மணப்பவை. இருட்டில் பறந்து வரும் அந்துப்பூச்சிக்குச் சிவப்பையும் மஞ்சளையும் காட்டிப் பயனில்லை. வெளிறிய இதழும் தூரத்துக்கு எட்டும் வாசனையும்தான் வேலைக்கு ஆகும். அந்துப்பூச்சியை விரட்ட நாம் பீரோவில் போடுகிற உருண்டையின் சாயல், அதைக் கூப்பிடுகிற பூவிலேயே இருப்பது ஒரு வேடிக்கை.

அந்தச் சாயலுக்கு வருகிறேன். இது உறுதியாகத் தெரிந்த பகுதி. மல்லி வகைகளிலும் ஆரஞ்சுப் பூவிலும் இண்டோல் என்றொரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது; ஜாதிமல்லிச் சாற்றில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம்வரை. தனியே எடுத்தால் பளபளக்கும் வெள்ளைச் செதில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் சீஃப் கெமிஸ்ட் மூன்று காகிதப் பட்டைகளை நனைத்து என் முன்னால் விசிறி மாதிரி விரித்து வைத்தார். முதல் பட்டையை மூக்கருகே கொண்டுபோனேன்: பழைய டிரங்குப் பெட்டி, அதற்குப் பின்னால் அடைத்துக்கொண்ட சாக்கடை. “தள்ளி வை. அடுத்தது” என்றார். இரண்டாவது அவ்வளவு மோசமில்லை, காயாத துணி மூட்டை மாதிரி ஏதோ. மூன்றாவதை மோந்துவிட்டு “இது பூ சார், மல்லி” என்றேன். “பூவைக் கண்ணாலகூடப் பார்க்காத சரக்கு தம்பி அது. மூணுலயும் ஒரே தூள்தான்” என்றார். முதல் பட்டையில் நூற்றுக்குப் பத்து பங்கு, இரண்டாவதில் ஒரு பங்கு, மூன்றாவதில் அதிலும் பத்தில் ஒன்று. கரைசல் நீர்க்க நீர்க்கச் சாக்கடை பூவாகிவிட்டது.

மலத்திலும் அழுகும் உடம்பிலும் இருப்பது இதே இண்டோல்தான். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று அந்தச் சொல் எந்த நிலைமைக்கு வந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த இரண்டு அர்த்தத்தையும் ஒரே செதிலில் வைத்திருக்கிற பொருள் இது.

அயோடெக்ஸ் வாசனை இன்னும் சுலபமான கதை. அயோடெக்ஸில் இருக்கிற மீத்தைல் சாலிசிலேட் சம்பங்கிப் பூவிலும் இருக்கிறது. இடுப்புவலித் தைலங்கள் பலவற்றிலும் மூக்கைத் துளைப்பது அதுதான். கூடவே மீத்தைல் பென்சோயேட், கொஞ்சம் யூகலிப்டஸ் சமாச்சாரம். அடுத்த தடவை பூக்கடையில் சம்பங்கி சரம் வாங்கினால், தூரத்திலிருந்து ரசிக்காமல் ஒரு பூவைக் கசக்காமல் மூக்கோடு ஒட்டிவைத்து மோந்து பாருங்கள். தேன், வெண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றுக்கும் அடியில் மருந்துக்கடை ஒன்று திறந்திருக்கும். ஆக உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அந்த பாட்டிலின் நடுவில் இருப்பது சம்பங்கி, பக்கத்தில் மல்லி என்று ஊகிக்கிறேன். ஊகம்தான்.

மாமியார் சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். நம்மூரில் கல்யாண மாலையும் சாவு மாலையும் சம்பங்கியில் கட்டுவது உண்டு. மூடிய அறையில் நாலைந்து மாலை ஒரு ராத்திரி கிடந்தால் என்ன வாசனை வருமோ, அது நம் எல்லோர் தலைக்குள்ளும் பதிந்திருக்கிறது. இத்தனைக்கும் சம்பங்கி நம்மூர்ச் செடியே இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்தது, டெக்கிலா காய்ச்சுகிற கற்றாழைக்குச் சொந்தக்காரி. அங்கத்திய பழைய நாவாட்டில் மொழிப் பெயருக்கு ‘எலும்புப் பூ’ என்று அர்த்தம், உங்கள் மாமியாரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். ஆங்கிலத்தில் டியூப்ரோஸ் என்பதைக் கேட்டு ரோஜா வகை என்று நினைப்பவர்கள் உண்டு. கிழங்கிலிருந்து முளைப்பது என்பதைச் சொல்லும் லத்தீன் சொல் அது, ரோஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாமும் குறைந்தவர்கள் இல்லை: செண்பக மரத்துக்கும் இந்தக் கிழங்குச் செடிக்கும் ஏறக்குறைய ஒரே பெயரைப் போட்டுக் குழப்பிவைத்திருக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர்களின் தலைக்குள் அந்த மாலை இல்லை. அவர்களுக்குச் சம்பங்கி என்றால் கவுன் போட்டுக்கொண்டு ராத்திரி விருந்துக்குப் போகிற பெண். இந்த வகையின் தலைமகள் என்று பலரும் சொல்வது 1948-ல் ரோபேர் பிகே என்ற துணி வடிவமைப்பாளரின் பெயரில் வந்த ஃப்ரகாஸ். செய்தவர் ஜெர்மேன் செலியே, ஆண்களே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் தனக்கென்று இடம் பிடித்த பெண்மணி. ஃப்ரகாஸ் என்றால் பிரெஞ்சில் பெருஞ்சத்தம், ஏதோ விழுந்து உடைகிற மாதிரி. பெயர் பொருத்தம். வெண்ணெய் தடவின மாதிரி வழவழப்பாக ஆரம்பித்து, நீங்கள் அறையை விட்டுப் போனபிறகும் அறையிலேயே இருக்கும். நான் அதைப் பட்டையில்தான் மோந்திருக்கிறேன். கையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற தைரியம் வந்ததில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது வேறொன்று. 1999-ல் செர்ஜ் லூதான் நிறுவனத்துக்காக கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் செய்த டியூபெரோஸ் கிரிமினெல், அதாவது குற்றவாளிச் சம்பங்கி. மற்றவர்கள் மூடி மறைக்கிற மருந்துக்கடையை அவர் வாசலிலேயே வைத்துவிட்டார். முதல் பத்து நிமிஷம் கற்பூரம், தைலம், ரப்பர் டியூப். அப்புறம் கதவு திறந்து பூ வரும். 2005-ல் ஃப்ரெடரிக் மால் வெளியிட்ட கார்னல் ஃப்ளவரில் டொமினிக் ரோபியோன் அதையே பச்சைப் பக்கமாகத் திருப்பினார்: யூகலிப்டஸ் இலை, தண்டை ஒடித்த ஈரம். இன்னொரு ஓரத்தில் 2017-ல் குச்சி (Gucci) நிறுவனத்துக்காக அல்பெர்தோ மொரில்லாஸ் செய்த ப்ளூம். மல்லி, சம்பங்கி, நம் வீட்டு வாசல்களில் படர்கிற ரங்கூன் மல்லி மூன்றையும் சொல்லி விற்கிறார்கள். சுத்தமாக, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த பூ. ஆபீஸுக்குப் போட்டுப் போகலாம். எனக்கு அதில் சுவாரசியம் குறைவு, ஆனால் என் மனைவிக்கு அதுதான் பிடிக்கிறது, வீட்டில் இருப்பதும் அதுதான்.

பாட்டில் வாசனை சரத்து வாசனை மாதிரி ஏன் இல்லை என்பதற்கு ஆலையின் தரையைக் காட்ட வேண்டும். குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள். மத்தியானம் மூட்டை வந்ததும் சிமெண்ட் தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புவோம். அந்த நேரத்தில் அதில் பூ வாசனையே இராது. பச்சைப் பீர்க்கங்காயைக் கீறின மாதிரி இருக்கும். ஆறு, ஏழு மணிக்கு மொட்டு நெகிழும். பூவுக்குள்ளேயே சூடு ஏறும் என்பதால் அரைமணிக்கு ஒருதடவை கை விட்டுப் புரட்ட வேண்டும். ஒரு மூலையை மறந்துவிட்டால் அங்கே கள் வாடை வந்துவிடும், அந்தக் குவியலைத் தனியே ஒதுக்கியாக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கதவைத் திறந்தாலே முகத்தில் அறையும். அப்போதுதான் கொப்பரையில் ஏற்றுவோம். ஹெக்சேன் என்ற கரைப்பான் பூவின் வாசனையையும் மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் மிஞ்சுவது உறைந்த நெய் மாதிரி ஒரு கட்டி. அதற்குப் பெயர் கான்கிரீட், சிமெண்டுக்கும் அதற்கும் உறவில்லை. அதை ஆல்கஹாலில் கலக்கி, குளிரவைத்து, மெழுகை வடித்தால் வருவது அப்ஸல்யூட். ஜாதிமல்லி ஒரு டன் போட்டால் கான்கிரீட் இரண்டரை, மூன்று கிலோ வரும். அதில் ஏறக்குறைய பாதிதான் அப்ஸல்யூட். சம்பங்கி இன்னும் கஞ்சம். விலை கிலோவுக்கு லட்சங்களில் போவது அதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். பூக்காரம்மாவிடம் சாயங்காலம் வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்வருகிற நாம் மல்லியின் வாழ்க்கையில் முதல் மூன்று மணி நேரத்தைத்தான் மோக்கிறோம். பச்சை, குளிர்ச்சி, இனிப்பு. பாட்டிலில் சென்ட்காரர்கள் காட்ட நினைப்பது அந்த ராத்திரி முழுதும், விடிந்தபிறகு தலையணையில் கிடக்கும் பழுப்பேறிய சரம்வரை. அந்தக் காலைச் சரத்தை எடுத்து ஒருநாள் மோந்து பாருங்கள்: இனிப்பு பாதியாகியிருக்கும், இண்டோல் முன்னால் வந்திருக்கும், தலைமுடியின் எண்ணெயும் வியர்வையும் கலந்திருக்கும். ‘வொயிட் ஃப்ளோரல்’ என்று பாரிஸில் கொண்டாடுவது பெரும்பாலும் இந்தச் சரத்தைத்தான்.

ஏன் பிடிக்கிறது என்ற இடத்தில் நான் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இண்டோல் உடம்பு வாசனை, ஆகவே ஆசையைத் தூண்டுகிறது. பூவும் பிணமும் ஒன்றாக மணப்பதால் மனசு கிறங்குகிறது என்றெல்லாம் சென்ட் பற்றி எழுதுபவர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் என்று என் கண்ணில் எதுவும் பட்டதில்லை. கையால் செய்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு: மல்லிச் சாயலில் ஒரு கலவை செய்து, இண்டோலை மட்டும் விட்டுவிட்டால் அது துணி சோப்பாகிவிடுகிறது. தப்பான வாசனை இல்லை, ஆனால் ஒரு தடவை மோந்தால் போதும், கை மறுபடி போகாது. வெல்லப்பாகில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் நாக்கு மறுபடி கேட்கும் இல்லையா, அதுபோல் ஏதோ நடக்கிறது. வெறும் இனிப்புக்கு மூக்கு சீக்கிரம் பழகி விட்டுவிடும். சரியா தப்பா என்று தீர்மானிக்க முடியாத வாசனையை அது விடாமல் விசாரிக்கும். உங்கள் மணிக்கட்டு விவகாரம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் கையில் இல்லை.

இன்னொரு காரணம் உறுதியானது: நீங்கள் ஒரு மணி நேரம் கழித்து மோந்தது முதலில் மோந்த அதே வாசனை இல்லை. அயோடெக்ஸ் பகுதியும் அதன் கூட்டாளிகளும் லேசானவை, நம் வெயிலில் இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடும். தோலில் தங்குவது பாலாடை, பீச் பழம் போல மணக்கிற கனமான லாக்டோன்களும் கஸ்தூரிச் சாயல் செயற்கைப் பொருட்களும். மாமியார் முதல் ஐந்து நிமிஷத்துக்குத் தீர்ப்புச் சொன்னார், நீங்கள் அறுபதாவது நிமிஷத்துக்குச் சொல்கிறீர்கள்.

இதில் நிஜப் பூ எவ்வளவு என்று கேட்டால் சங்கடமான பதில்தான். பெரும்பாலான பாட்டில்களில் மிகக் கொஞ்சம், பலவற்றில் சுத்தமாக இல்லை. கார்டீனியாவுக்கு வியாபார அளவில் சாறே எடுப்பதில்லை. அந்தப் பெயரில் விற்பதெல்லாம் கலவையால் வரைந்த படம். அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். மல்லியை ஆராய்ந்ததன் வழியே கிடைத்த ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள் இல்லாவிட்டால் இன்றைய பூ சென்ட்களில் காற்றோட்டமே இருந்திருக்காது. அதைப் பெரிய அளவில் முதலில் பேர் வாங்க வைத்தது 1966-ல் வந்த டியோர் ஓ சவாஜ், அதுவும் ஆண்களுக்கான சென்ட். நேர்மாறான உதாரணம் ஜான் பத்தூவின் ஜாய். 1930-ல் வந்தது, ஒரு அவுன்ஸுக்கு 10,600 மல்லிப்பூ என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். ஆலைக்காரன் கணக்கில் போட்டுப் பார்த்தேன்: ஜாதிமல்லி கிலோவுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் பூ நிற்கும். ஆக ஒரு கிலோ சொச்சம் பூ, அதிலிருந்து ஒன்றரை கிராம் சாறு. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஒரு அவுன்ஸ் பாட்டிலுக்கு அது தாராளம். விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது.

டூப்ளிகேட்டா என்பதற்கு நெடியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. போலி சரக்கு என் கைக்கு வந்தவரை அவை இனிப்பாக, தட்டையாக, அரைமணியில் காணாமல் போகிறவையாக இருந்தன. இண்டோலோடு மெனக்கெட்டவர்கள் குறைவு. ஆனால் அது என் அனுபவம், விதி இல்லை. பாட்டிலின் அடிப்பாகத்தில் உள்ள பேட்ச் எண் அட்டையிலும் அதே எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள், நாத்தனாரிடம் பில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் நாளாக நாளாகச் செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். இண்டோலும் வனிலா வாசனை தருகிற வனிலினும் சேர்ந்தால் நிறம் ஏறும், அது அந்த வகையின் சுபாவம். அதே காரணத்தால் வெள்ளைப் புடவையில் அடிக்காதீர்கள், கறை நிற்கும். குளியலறை அலமாரியிலும் ஜன்னலோரத்திலும் வேண்டாம், பீரோவுக்குள் வைத்தால் பல வருஷம் வரும்.

வெளியே போவதற்கு அரைமணி முன்னால் ஒரே ஒரு தடவை, துணிக்கு அடியில் அடித்துக்கொள்ளுங்கள். இந்த வகை பேர் வாங்கியது ஃப்ரான்ஸ் குளிரில், சித்திரை வெயிலில் இரண்டு தடவை அடித்தால் பக்கத்து சீட்காரர் இறங்கிவிடுவார். வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருந்தால் அவர்கள் இருக்கும் அறையில் வேண்டாம். கடும் வாசனை சிலருக்கு அதைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவர்களும் ஒப்புக்கொள்வது. சம்பங்கிதான் மற்றதைவிட மோசமா என்பதற்கு நான் மருத்துவன் இல்லை. சம்பங்கி சீசனில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக, மாமியாரிடம் ஒன்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். சாவு வீட்டு மாலை என்றாரே, அது ரோஜாவும் மருக்கொழுந்தும் வைத்துக் கட்டிய மாலையா, வெறும் சம்பங்கி மாலையா? வெறும் சம்பங்கி என்றால் என் ஊகம் சரி. மருக்கொழுந்து என்றால் நான் மேலே சொன்னதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.